இரண்டு பூட்டுக்குக் கூலி

ஜூலை. வாற்கோதுமை இன்னும் பச்சை.
ஒரே செவ்வாய்க்கிழமை
ஹார்ன்மியர் சந்தைக்கு இரண்டு குதிரைகள் வந்தன.
ஒன்று யார்க்கிலிருந்து, மற்றது லண்டனிலிருந்து.
ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன.

யார்க் கடிதம் லத்தீனில்; தோலில் எழுதி
ரொட்டி அகலத்துக்கு அரக்கு முத்திரை.
லண்டன் தாள் அச்சடித்தது; மை விரலில் ஒட்டியது.
ஊர் வெடிமருந்தை எனக்குக் கொடு என்றார் மன்னர்.
ஊர் வெடிமருந்தை எங்களுக்குக் கொடு என்றது நாடாளுமன்றம்,
மன்னரின் பெயரால்.

"மன்னர் பெயரைச் சொல்லியே
மன்னருக்குத் தராதே என்கிறதா?"
இரண்டு முறை கேட்டாள் என் மனைவி தாமசின்.
இரண்டு முறையும் ஆம் என்றேன்.
மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள்.

அப்படி என்ன பெரிய ஆயுதம் இருந்தது?
தேவாலய முன்வாசலின் மேலறையில்
மூன்று பீப்பாய் மருந்து, பதினான்கு துப்பாக்கி,
எப்போதோ ஸ்பெயின் வருமென்று பயந்து வாங்கிய ஈட்டிகள்,
எல்லாவற்றின் மேலும் புறா எச்சம்.
நான்கு துப்பாக்கிக்கு உள்ளே வில் இல்லை.
வெளியே பார்த்தால் தெரியாது.
செப்பனிடக் கழற்றி எடுத்துப்போய்
மறந்துவிட்டவன் நான்தான்.

மன்னர் பக்கம் சர் எவரார்ட் பெல்லிங்.
சபை பக்கம் துணிவணிகர் க்ரோப்.
கப்பல் வரி கட்டாததால் க்ரோப் இழந்த பசு
பெல்லிங் தொழுவத்தில்தான் கன்று போட்டது.
அதன் பிறகும் ஞாயிறுதோறும் ஒரே ஜெபம்,
இவர் மண்டியிட்டு, அவர் நின்றுகொண்டு.

மூன்று நாள் பேசினார்கள்.
பாதிரியார் லத்தீனுக்குப் பொருள் சொன்னார்.
அந்த வினைச்சொல்லுக்கு அது பொருளே அல்ல என்றார் க்ரோப்.
அவருக்கு லத்தீன் தெரியாது.
நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்:
"ரெக், ஒரு கதவு, இரண்டு பூட்டு.
ஆளுக்கொரு சாவி.
சேர்ந்து வந்தால்தான் திறக்க வேண்டும்."

செய்தேன்.
ஒரு சாவிக்கு ஐந்து பல், ஒன்றுக்கு ஏழு.
அதைவிட நல்ல வேலை என் கை செய்ததில்லை.
எண்ணெயிட்டுப் பூட்டியபோது
இரண்டும் ஒரே குரலில் சொடுக்கின.
அன்றிரவு மதுக்கடையில்
பெல்லிங் காசில் க்ரோப்பின் நெசவாளர்கள் குடித்தார்கள்.

சனிக்கிழமை இருட்டில் பெல்லிங் வந்தார்.
"அந்த இன்னொரு சாவி... ஒரு நகல். பாதுகாப்புக்காக."
ஞாயிறு இருட்டில் க்ரோப் வந்தார்.
பாதுகாப்புக்காக.
விளக்கைத் தாழ்த்தச் சொன்ன விதம்கூட அதே.

இருவருக்கும் இல்லை என்றேன்.
இருதலைக் கொள்ளியில் எறும்பு
நடுவை நம்பித்தானே நிற்கிறது.
நானும் நம்பினேன்.
அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும்
ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

புதன் விடியலில் மணி அடித்தது, நேரம் தப்பி.
ஓடினோம்.
கதவு தரையில் கிடந்தது,
கீல் பக்கமாகப் பெயர்ந்து.
கீல்களை யாரும் நினைக்கவில்லை.
நானும்.
இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன,
நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு.

யார் என்று இன்றுவரை தெரியாது.
நீ என்றார் இவர். நீ என்றார் அவர்.
சொல்லிக்கொண்டே, ஏனோ,
இருவரும் சாவியை எடுத்துக் குனிந்தார்கள்.
கிடந்த கதவில்
என் பூட்டுகள் வழுக்கிக்கொண்டு திறந்தன.
அவர்கள் சேர்ந்து திறந்தது அந்த ஒரு முறைதான்.

ஆகஸ்டில் ஏதோ ஓர் ஊரில்
மன்னர் கொடி ஏற்றினார் என்றார்கள்.
பாதி அறுத்த வயலில் அரிவாளைப் போட்டுவிட்டு
தாமசினின் தம்பி ஜோஸ்லின் கிளம்பினான்.
தோளில் ஒரு துப்பாக்கி.
எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை.
எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

அந்த நான்கு வில்லும் என் இழுப்பறையில்.
கையில் எடுத்துக்கொண்டு பாலம் வரை ஓடினேன்.
தூசி மட்டும் இருந்தது சாலையில்,
இரண்டு திசையிலும்.

பூட்டுக்கான கூலி இன்னும் வரவில்லை.